இரும்பு ஏத்தம்

1957ஆம் வருஷம் ஆனி மாதம், சாரல் பிடித்த நாலாம் நாள், குற்றாலத்தில் மசூதுக்குக் கை ஒடிந்தது. அந்த நேரத்தில் அவன் பெண்டாட்டி மெஹர் பானு தென்காசியில், வீட்டு நடு அறையில் தறியில் உட்கார்ந்து கைலி நெய்துகொண்டிருந்தாள். வாசலில் மாட்டுவண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பகல் பதினொரு மணிக்கு வண்டி வருகிற வீடில்லை அது. எழுந்து போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். பட்டறை ஆள் மாடன் வண்டியிலிருந்து குதித்து, மசூதை இடுப்போடு அணைத்து இறக்கிக்கொண்டிருந்தான். வலது முழங்கைக்குக் கீழே மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. வாசல் முழுக்க எண்ணெய் வாசனை.

"ஒண்ணுமில்ல மெஹரு," என்றான் மசூது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "அருவிக்கரையில எண்ணெ தேய்க்குத பால்வண்ணநாதன் அங்கனயே இழுத்து வச்சுக் கட்டிட்டாரு."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்குக் கட்டு?"

மசூது கட்டைக் குனிந்து பார்த்தான். மாடன்தான் சொன்னான். "ஏத்தம் கைய விட்டுட்டு பாயம்மா. மூணாவது கல்லு ஏறும்போது."

ஏத்தம் என்று மாடன் சொன்னது வயல்கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்றத்தை இல்லை. மசூதும் அவனும் ஏழு மாதம் பாடுபட்டுச் செய்த கிரேனை. கிரேன் என்ற பேர் ஊருக்குள் யார் வாயிலும் நுழையவில்லை. நட்டமாக ஒரு மரம், அதிலிருந்து நீட்டின ஒரு கை, நுனியில் கயிறு, கீழே ஆட்கள். பார்த்தவர்கள் இரும்பு ஏத்தம் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

மசூதுக்கு அதுவரை ஆயில் எஞ்சினும் நெல் அரைக்கிற மிஷினும் பழுது பார்ப்பதுதான் தொழில். குற்றாலம் ரோட்டில் ஓலைக்கூரை போட்ட ஒரு பட்டறை. மாடன் அதில் சம்மட்டி பிடிக்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே பிடிவாதம். முந்தின வருஷம் இலஞ்சித் தில்லைநாயகம் குற்றாலத்தில் லாட்ஜ் கட்ட ஆரம்பித்திருந்தார். கீழ்த்தளம் முடிந்து மாடிக்குக் கல் ஏற்றும்போது சாரல் வந்தது. நனைந்த சாரப் பலகையில் கல்லோடு ஒரு ஆள் வழுக்கி விழுந்து, இடுப்பு போய், ஆறு மாதம் படுக்கையில் கிடந்தான். வேலை நின்றுவிட்டது. அதை மசூது நேரில் பார்த்தவன். அடுத்த வாரம் தூத்துக்குடிக்கு எஞ்சின் சாமான் வாங்கப் போன இடத்தில், துறைமுகத்தில் கிரேன் மூட்டை மூட்டையாகத் தூக்கிக் கப்பலில் வைப்பதை அரைநாள் நின்று வேடிக்கை பார்த்தான். வாங்கப் போன சாமானை மறந்துவிட்டு, துறைமுகத்தில் கழித்துப் போட்ட கம்பிவடத்தை ஒரு சுருள் வாங்கிக்கொண்டு ரயிலேறினான்.

இருபத்திரண்டு அடித் தேக்குமரம். பழைய பஞ்சு மிஷினிலிருந்து கழற்றிய இரண்டு பல்சக்கரம். கம்பிவடம் சுற்றிக்கொள்ள ஒரு இரும்பு உருளை. உருளையைச் சுற்ற இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் பிடிக்கிற கைப்பிடி. ஏறின கல் திரும்பி இறங்காமல் நிறுத்த, உருளையை இறுக்கிப் பிடிக்கிற ஒரு தோல் பெல்ட். பங்குனி வெயிலில் பட்டறை முற்றத்தில் வைத்து எட்டுக் கல்லைத் தூக்கி இறக்கிக் காட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு மெஹர் பானு பெரிய சட்டி நிறைய வட்டிலப்பம் செய்து அனுப்பினாள். தில்லைநாயகம் அங்கேயே இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "ஆனியில கொண்டாந்து நட்டுரு மசூது," என்று சொல்லிப் போனார்.

நட்ட இடத்தில்தான் கை ஒடிந்தது.

மசூதின் அக்கா ஹைருன் பீவி அந்த வீட்டிலேயே இருந்தாள். புருஷன் மவுத்தான பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். நாக்கு நீளம், மனசு அதைவிடப் பெரிசு என்று தெரு சொல்லும். நாக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

"கையோட போச்சேன்னு ரப்புக்கு ஷுக்ரு சொல்லு," என்று அவள் ஆரம்பித்தாள். "கல்லு எவன் தலையிலயாவது விழுந்திருந்தா? ஊரு நம்மள இங்கன குடியிருக்க விட்டிருக்குமா? ஒலி எத்தனை கடுதாசி போட்டான். கொழும்புல ஜவுளிக்கடையில நெழல்ல நின்னு துணி கிழிக்குத வேலை. பாஸ்போர்ட்டும் எடுத்து வச்சாச்சு. இவன் என்னடான்னா இரும்பைக் கட்டிக்கிட்டு அழுதான்."

ஒலி முகம்மது அவர்களுக்கு மூத்தவன். கொழும்பில் கடை வைத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. தம்பி வந்தால் போதும், கல்லாவில் உட்கார வைக்கிறேன் என்று மாதம் ஒரு கடிதம் எழுதுவான்.

மசூது எப்போதும் இதற்குச் சிரித்து மழுப்புகிறவன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"சரி லாத்தா," என்றான். "எழுதிப் போடு. ஆடி இருபதுக்குப் பொறகு கப்பல்ல வாரேன்னு எழுது."

மெஹர் பானு கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவன் இப்படிக் கேட்ட மாத்திரத்தில் சரி சொல்லி அவள் பார்த்ததில்லை. கை ஒடிந்ததைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஹைருன் பீவி கடிதம் எழுதச் சொல்லத் தபால்காரரைத் தேடிப் போன பிறகு அவள் கேட்டாள். "எப்பிடி மச்சான் கைய விட்டுது?"

"பெல்ட்டு நழுவிட்டு."

"பங்குனியில நழுவலையே."

"பங்குனியில மழை பெஞ்சுதா? நாலு நாளாச் சாரல்ல நனைஞ்சு தோலு ஊறிப் போச்சு. கல்லு பன்னெண்டு அடி ஏறிட்டு. அங்கன நிறுத்தி, கைய மாத்திப் பிடிப்போம்னு பெல்ட்ட இறுக்குனேன். விலாங்கு மீனு மாதிரி வழுக்குது. கல்லு கீழ இறங்க, கைப்பிடி திரும்பிச் சுத்த, நடுவுல என் கையி. அவ்வளவுதான்." கட்டைத் தடவிக்கொண்டு, "எல்லாவனும் பாத்துக்கிட்டு நின்னான். அருவியில குளிக்க வந்தவன்கூட ஈரத்துண்டோட வந்து நின்னு பாத்தான்," என்றான்.

மூன்றாம் நாள் மெஹர் பானு, ஏத்தத்தைத் தான் பார்க்க வேண்டும் என்றாள்.

"நீ பாத்து?" என்றாள் ஹைருன் பீவி.

"சும்மா பாக்கணும் மைனி. நீங்களும் வாங்க. அருவியும் பாத்துட்டு வருவோம்."

அருவி என்றதும் ஹைருன் பீவி மறுக்கவில்லை. மாடன் வண்டி பிடித்து வந்தான். இரண்டு பேரும் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினார்கள். இலஞ்சி தாண்டினதும் தூற்றல் முகத்தில் பூவாக அடித்தது. மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. ரோட்டோரம் மரச்சீனிக்கிழங்கு அவித்து விற்றவளிடம் வண்டியை நிறுத்தி, ஹைருன் பீவி ஒரு இலை நிறைய வாங்கிக்கொண்டாள். சூடு ஆறுமுன்னே பாதி தீர்ந்தது.

லாட்ஜ் வேலை நடக்கிற இடத்தில் ஏத்தம் நனைந்தபடி நின்றது. பக்கத்தில் யாரும் போகவில்லை. சித்தாள் பெண்கள் மட்டும் சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சாரத்தில் விரல் ஊன்றி ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் பிச்சம்மாள். கறுத்து, நெட்டையாக, நரம்போடிய கை. வந்தது யார் என்று மாடனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவளே வந்தாள்.

"பாய்க்குக் கை எப்பிடி இருக்கு பாயம்மா?"

"வலி குறைஞ்சிருக்கு."

"நல்ல மனுசன். அவருக்கு அடிபட்டதுல வருத்தந்தான். ஆனா இந்தச் சவம் வேலைசெய்யாமப் போனதுல எங்களுக்கு வருத்தமில்ல. பொய் சொல்லுவானேன்."

"ஏன் அப்பிடிச் சொல்லுதிய?"

"கல்ல இது தூக்கும். நாளைக்குச் சாந்தையும் இது தூக்கும். பொறவு எங்களை எவன் கூப்பிடுவான்? தலைச்சுமைக்குத்தான் எங்களுக்குக் கூலி."

மெஹர் பானு துப்பட்டியைக் கொஞ்சம் விலக்கினாள். பிச்சம்மாளின் உச்சந்தலையில் சும்மாடு வைத்து வைத்து முடி தேய்ந்து வழுக்கையாகியிருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து உருளையைப் பார்க்கப் போனாள். பெல்ட்டைத் தொட்டாள். மசூது சொன்னது சரி, விலாங்குதான். உருளையைத் தடவினாள். அவளுக்கு அது புதிசாகத் தெரியவில்லை. அவள் பிறந்தது கடையநல்லூரில் தறிக்காரர் வீட்டில். நெய்த துணி உருளையில் சுற்றச் சுற்ற, நீளவாட்டில் கட்டின பாவு நூல் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும். இழுத்தாலும் உருளை பின்னால் போகாது. அதன் ஓரத்தில் ஒரு பல்சக்கரம், பல்லுக்குள் விழுந்து உட்காருகிற ஒரு நாக்கு. முன்னால் சுற்றினால் நாக்கு பல்லுக்குப் பல் தாவும். பின்னால் சுற்ற விடாது.

"மாடா," என்றாள். "எங்க தறியில துணி சுத்துத உருளையைப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"அதுல பெல்ட்டு கெடையாது."

மாடன் முதலில் விளங்காமல் நின்றான். பிறகு உருளையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அட, நம்ம தலையில இடி விழ," என்று மெதுவாகச் சொன்னான்.

அந்த நேரம் பார்த்துத் தில்லைநாயகம் குடையோடு வந்தார். பெண்கள் நிற்பதைப் பார்த்து எட்டவே நின்றுகொண்டார். "மாடா, நான் சொல்லுதத மசூதுட்டச் சொல்லிரு. எனக்கு அவன் மேல கோவமில்ல. ஆனா ஐப்பசிக்கு லாட்ஜ் தொறக்கணும். ஆடி பதினெட்டு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கல்லு மேல போகலைன்னா ஆள வச்சு ஏத்திருவேன். ஏத்தத்தப் பிடுங்கிட்டுப் போயிருங்க."

"பதினெட்டுக்குள்ள ஏறிரும் அண்ணாச்சி," என்றாள் மெஹர் பானு துப்பட்டிக்குள்ளிருந்து. குரல் வந்த திசையைப் பார்த்துத் தில்லைநாயகம் ஒரு நிமிஷம் திகைத்தார். ஹைருன் பீவி கிழங்கு மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மசூது எழுந்து தறிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். இடது கையால் உருளையை முன்னால் சுற்றினான். டக், டக், டக் என்றது. பின்னால் தள்ளினான். அசையவில்லை. மறுபடி தள்ளினான். அப்படியே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். அவன் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"லாரி ஜாக்கியில இது இருக்கு மெஹரு. நானே எத்தனை ஜாக்கியக் கழட்டி மாட்டியிருக்கேன். என் வீட்டுக்குள்ள தெனமும் டக் டக்குன்னு அடிச்சுக்கிட்டு இருக்கு. என் மண்டையில மட்டும் இல்லாமப் போச்சு."

"கொழும்பு?"

"ஆடி இருபதுக்குத்தானே கப்பலு," என்றான் அவன்.

ஒரு கை இல்லாத மெக்கானிக்கும் ஒரு சம்மட்டிக்காரனும் இருபது நாளில் பல்சக்கரம் செய்வது லேசில்லை. கனமான இரும்புத் தகட்டில் மசூது இடது கையால் சாக்பீஸ் பிடித்து வட்டம் போட்டான். வட்டம் முட்டையாக வந்தது. மெஹர் பானு நூல் கட்டி வட்டம் போட்டுக் கொடுத்தாள். பல்லுக்குப் பல் இடைவெளியும் அவள்தான் குறித்தாள். பாவு நூலை எண்ணி எண்ணிப் பழகின கண். மாடன் உளியால் வெட்டினான். வெட்டின பல்லை அரத்தால் ராவ வேண்டும். பட்டறையில் வெளியாட்கள் வந்து போவார்கள் என்பதால் தகட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து, அம்மிக்கல் மேல் வைத்துக் கட்டி, சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னும் பின்னும் மெஹர் பானு ராவினாள். தறியில் பாதி நெய்த கைலி அப்படியே நின்றது. உள்ளங்கை கொப்புளித்தது. வீடு முழுக்க இரும்புத்தூள்.

"சோத்துல இரும்புப் பொடி கிடக்கு," என்றாள் ஹைருன் பீவி.

"உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரு சொல்லுதாவ மைனி."

"வாயப் பாரு." சொல்லிவிட்டுப் போனவள், கொஞ்ச நேரத்தில் கட்டஞ்சாயாவும் பொரித்த சாளை மீனும் கொண்டுவந்து அம்மிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அரத்தை வாங்கித் தானும் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். அடுத்த நாளிலிருந்து பாதிப் பல்லை அவள்தான் ராவினாள், கொழும்பைப் பற்றிப் பேசிக்கொண்டே.

ஆடி பதினெட்டு அன்றைக்குக் குற்றாலத்தில் கூட்டமென்றால் கூட்டம். அருவி கொட்டுகிற இரைச்சல் லாட்ஜ் வரைக்கும் கேட்டது. சாரல் காலையிலிருந்தே விடவில்லை. ஏத்தத்தில் புதுச் சக்கரமும் நாக்கும் மாட்டி, கல்லைக் கம்பிவடத்தில் கட்டியாயிற்று. கைப்பிடி பிடிக்கத்தான் ஆளில்லை. கொத்தனார்கள் தள்ளி நின்றார்கள்.

"போன தடவ பாய்க்குக் கை. இந்தத் தடவ எவனுக்கு என்னமோ," என்றான் ஒருத்தன்.

மசூது ஒற்றைக் கையோடு ஒரு பக்கம் போய் நின்றான். மாடன் மறுபக்கம். இரண்டு பேரால் அது சுற்றாது. தில்லைநாயகம் குடைக்குக் கீழே வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். மெஹர் பானுவும் ஹைருன் பீவியும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

மெஹர் பானு மற்றவர்களைப் பார்க்கவில்லை. நேரே சித்தாள் பெண்களிடம் போனாள்.

"பிச்சம்மாக்கா, நீங்க பிடிக்கியளா?"

"நாங்களா?" பிச்சம்மாள் சிரித்தாள். "எங்க சோத்துல நாங்களே மண்ணள்ளிப் போடவா?"

"தலைச்சுமைக்குக் கூலி இருக்கும்னா, இதச் சுத்துததுக்கும் கூலி இருக்கணும்லா? யாரு சுத்துதாவளோ அவியளுக்குத்தான் அது. இன்னைக்கு நீங்க பிடிச்சா நாளைக்கும் நீங்கதான். ஆம்பளையளு பிடிச்சுப் பழகிட்டா அவிய விடமாட்டாவ."

பிச்சம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். சாந்துச் சட்டியைக் கீழே வைத்தாள். தில்லைநாயகத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: "மொதலாளி, இதச் சுத்துனா என்ன கூலி? ஆம்பளைக் கூலியா, பொம்பளைக் கூலியா?"

"இது என்ன கேள்வி?"

"இந்தக் கேள்விதான். கல்லு ஆம்பளையளு தூக்குத கல்லு. கூலியும் அதுதான் வரணும்."

தில்லைநாயகம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மொதல்ல மேல போட்டும். பொறவு பேசுவோம்."

"மேல போன பொறவு நீங்க பேசமாட்டிய."

கொத்தனார்கள் சிரித்தார்கள். தில்லைநாயகமும் சிரிப்பை அடக்க முடியாமல், "சரி தாயி. ஆம்பளைக் கூலி. இத்தனை பேரு சாட்சி, போதுமா?" என்றார்.

பிச்சம்மாள் முந்தானையை வரிந்து கட்டினாள். இன்னும் மூன்று பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நாலு பேரும் கைப்பிடியைப் பிடித்தார்கள். மசூது கல்லுக்குக் கீழே யாரும் இல்லையென்று பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான். டக், டக், டக், டக். கல் மண்ணை விட்டு எழுந்தது. ஆள் உயரம் போனது. கதவு உயரம் போனது. மழைத்தண்ணீர் கல்லின் ஓரத்திலிருந்து ஒழுகிக் கீழே கோடு போட்டது. போன தடவை நழுவின அதே பன்னிரண்டு அடிக்கு வந்தது.

"இப்பக் கைய விடுங்க," என்றாள் மெஹர் பானு.

பிச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். "விடவா?"

"எல்லாரும் ஒண்ணுபோல விடுங்க. விட்டுட்டுத் தள்ளி வாங்க."

மசூது அவளைப் பார்த்தான். இப்படிச் செய்யலாமென்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கவில்லை. ஆனால் அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்கள் கையை எடுத்தார்கள். நாலு பேரும் பாம்பைக் கண்ட மாதிரி பின்னால் துள்ளினார்கள். கைப்பிடி ஒரு விரற்கடை பின்னால் வந்தது. டக். நின்றது.

கல் அந்தரத்தில் தொங்கியது. காற்று வந்து அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் ஆட்டியது. இறங்கவில்லை. அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. மெஹர் பானு தன் நெஞ்சில் கை வைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். தில்லைநாயகம் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடியே அண்ணாந்து பார்த்தார். 

"இறங்க மாட்டேங்குதே வே," என்றார் பக்கத்திலிருந்த கொத்தனாரிடம், என்னமோ குறை சொல்கிற மாதிரி.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒன்பது கல் மாடிக்குப் போனது. ஐந்தாவது கல்லிலிருந்து பெண்கள் குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஹைருன் பீவி ஒவ்வொரு கல்லுக்கும், "அதுல பாதிப் பல்லு நான் ராவுனது," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தபால்காரரை அவளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"எழுதுங்க. தம்பி வரமாட்டான். அவனுக்கு இங்கன சோலி இருக்கு. கொழும்புல யாராவது மாடி கட்டுனா, ஏத்தம் வேணுமான்னு நீ கேட்டு எழுது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் எழுதாதீங்க. ஸலாம் மட்டும் போடுங்க."

அதற்குப் பிறகு பட்டறை வளர்ந்த கதை நேராகப் போன கதை இல்லை. லாட்ஜைப் பார்த்துவிட்டு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் வந்து, கொதிகலனைத் தூக்கி வைக்க ஒரு ஏத்தம் கேட்டார். அதற்குத் தேக்குமரம் தாங்காது என்று இரும்புச் சட்டத்தில் செய்தார்கள். இலஞ்சியில் பள்ளிக்கூடம் கட்டுகிறவர்கள் ஒன்று கேட்டார்கள். ஆறாவது ஏத்தத்துக்கு மசூது ஆசைப்பட்டுக் கையை நீளமாக வைத்தான். சுரண்டையில் ஒரு குளத்தங்கரையில் நட்டார்கள். முதல் பளுவுக்கே அது மூக்குக் குப்புறக் குளத்துக்குள் சாய்ந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு எருமை கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். எருமைக்காரன், "இதுக்கு என் எருமையே தூக்கிருமே வே," என்று கேட்டது தென்காசிச் சந்தை வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு மாதம் ஒருவரும் பட்டறைப் பக்கம் வரவில்லை. மசூது தராசு மாதிரிப் பின்பக்கம் எடை கட்டி, ஏழாவதைச் செய்து, அதே சுரண்டைக்குக் கொண்டுபோய் அதே கரையில் நட்டுத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வந்தான். எருமைக்காரனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

ஒவ்வொரு ஏத்தத்தோடும் பிச்சம்மாள் போனாள். வாங்கினவன் ஊரில் ஒரு வாரம் தங்கி, எப்படிச் சுற்ற வேண்டும், எங்கே நிற்கக் கூடாது, நாக்கை எப்படி எடுத்துவிட்டுப் பளுவை இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள். தூக்குச்சட்டியில் புளிச்சோற்றோடு பஸ் ஏறுகிறவளுக்குச் சங்கரன்கோயில் முதல் செங்கோட்டை வரை கண்டக்டர்கள் பழக்கமாகிவிட்டார்கள். "கல்லுக்குக் கீழ நிக்காதன்னு சொன்னா நிக்காத. ஒனக்குக் காது கேக்கலையா, இல்ல கல்லுக்குக் கேக்கலையான்னு நான் பாக்கணுமா?" என்று அவள் போடுகிற சத்தத்தில் பெரிய பெரிய மேஸ்திரிகள் ஒதுங்கினார்கள்.

1961இல் ஓலைக்கூரை போய்த் தகரம் வந்தது. வெல்டிங் மிஷின் வந்தது. வேலைக்குப் பதினான்கு பேர். பேர்ப்பலகை எழுத ஆள் வந்தபோது மசூது ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தான். எம்.எம்.எம். கிரேன் ஒர்க்ஸ் என்று அதில் இருந்தது.

"மசூது ஒரு எம்மு, மாடன் ஒரு எம்மு. மூணாவது யாரு முதலாளி?" என்று பெயிண்டர் கேட்டான்.

"அது உள்ள இருக்கு. நீ எழுது," என்றான் மசூது.

உள்ளே மெஹர் பானு படம் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் தறி இப்போது மூலைக்குப் போயிருந்தது. விற்கவில்லை, மனசு வந்தால் நெய்வாள். மற்றபடி கோடு போட்ட தாளும் ஸ்கேலும்தான். பல் எண்ணிக்கையில் அவள் சொன்னதற்கு மேல் மாடன் பேசமாட்டான்.

அறுபத்தைந்தில் மோட்டார் கிரேன் செய்தார்கள். பழைய மிலிட்டரி லாரி எஞ்சின், இரும்புச் சட்டத்தைப் பின்னிப் பின்னி நாற்பத்தைந்து அடி உயரம். கொல்லத்தில் மூன்று மாடி கட்டுகிற ஒரு காண்டிராக்டர் கேட்டிருந்தார். லாரியில் ஏற்றி அனுப்புமுன் பட்டறைக்குப் பின்னால் உள்ள தரிசில் நிறுத்தி ஒரு வாரம் சோதித்தார்கள். பிச்சம்மாள் இப்போது கைப்பிடி சுற்றவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு நெம்புகோலையும் தேங்காய் துருவுகிற லாகவத்தில் இழுத்துக்கொண்டிருந்தாள். மணல் மூட்டை ஏறியது, சிமெண்டுத் தொட்டி ஏறியது, இரும்புத் தண்டவாளம் ஏறியது.

கடைசி நாள் மத்தியானம் மெஹர் பானு வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். மலைப்பக்கமிருந்து மெல்லிசாகத் தூற்றல் வந்துகொண்டிருந்தது.

"மச்சான், நான் ஏறிப் பாக்கணும்."

"எதுல?"

"அந்தத் தொட்டியிலதான். சாந்து கொண்டுபோற தொட்டி."

"விளையாடுதியா?"

"நான் போட்ட படம். மேல போயி எப்பிடி இருக்குன்னு நான் பாக்க வேண்டாமா? மூட்டையெல்லாம் போயிட்டு வருது. அதுக்கு வாயில்ல. என்னத்தச் சொல்லும்?"

மசூது மாடனைப் பார்த்தான். மாடன் பிச்சம்மாளைப் பார்த்தான். "கனமான மூட்டையே போச்சு. பாயம்மா என்ன கனம்?" என்றாள் பிச்சம்மாள். ஹைருன் பீவி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, ஒரு தடவை ஆயத்துல் குர்ஸி ஓதி மெஹர் பானு மேல் ஊதினாள். ஊதிவிட்டு, "சங்கிலிய நல்லாப் பிடிச்சுக்கிடு," என்று காதில் சொன்னாள்.

மசூது தொட்டியின் நாலு சங்கிலியையும் தானே இழுத்துப் பார்த்தான். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தான். மெஹர் பானு துப்பட்டியை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு ஏறி நின்றாள். எஞ்சின் உறுமியது. தொட்டி தரையை விட்டது.

முதலில் தகரக்கூரை கீழே போனது. பிறகு ரோட்டுப் புளியமரம். பிறகு காற்று வந்தது, கீழே ஒருநாளும் கிடைக்காத காற்று. கீழே நிற்கிறவர்களின் முகம் சின்னதாகி, அண்ணாந்த வாய் மட்டும் தெரிந்தது. அவள் சங்கிலியைப் பிடித்திருந்த விரல் வெளுத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது. இலஞ்சித் தென்னந்தோப்பு, பச்சை வயல், சிற்றாறு வளைந்து போகிற இடம், அந்தப் பக்கம் தென்காசி முழுவதும் ஓடும் ஓலையுமாக மழையில் நனைந்து பரந்து கிடந்தது. ஏத்தம் வருகிற வரைக்கும் தெருவையும் ஊரையும் பெரும்பாலும் கதவிடுக்கு வழியாகவே பார்த்தவள் அவள். உச்சியில் தொட்டி நின்றது. அவள் நிமிர்ந்து நின்றாள். ஊர்ப்பக்கம் திரும்பினாள். அவள் விரல் நீண்டு, அந்தரத்தில் எதையோ தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருப்பது கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

"என்னமோ சொல்லுதா," என்றான் மசூது. "பயந்துட்டா போலிருக்கு. இறக்கு, இறக்கு."

"பயந்தவ மாதிரித் தெரியலையே பாய்," என்றாள் பிச்சம்மாள். ஆனாலும் நெம்புகோலைத் தள்ளினாள்.

தொட்டி பூப்போல வந்து தரையில் உட்கார்ந்தது. மசூது ஓடிப்போய்க் கையைக் கொடுத்தான். மெஹர் பானு கையைப் பிடிக்கவில்லை. முகத்தில் மழைத்தண்ணீரும் எரிச்சலுமாக நின்றாள்.

"கொஞ்ச நேரம் விட்டா என்னவாம்? எண்ணிக்கிட்டு இருந்தேன்லா. பாதியில இறக்கிட்டியளே."

"என்னத்த எண்ணுன?"

"தென்காசியில இன்னும் எத்தனை வீட்டுக்கு மாடி இல்லைன்னு," என்றாள். "எறநூத்திப் பத்து வரைக்கும் வந்துட்டேன். திருப்பி ஏத்துங்க."